அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்டீர்கள்?

உளவியல் மாநாட்டில் ஒரு மாணவியின் பத்து நிமிட உரை. அதில் ஆய்வுக் கருவியைக் காட்டும் ஸ்லைடு திரையில் நிற்பது எட்டு வினாடி. மேலே 'டூல்' என்று தலைப்பு. கீழே அளவுகோலின் பெயர், அதை உருவாக்கியவர்கள், ஆண்டு, எத்தனை கூற்றுகள், கிரோன்பாக் ஆல்ஃபா எவ்வளவு என்ற விவரம். அதோடு மாணவி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார். தலைமை தாங்குபவருக்கும் அவசரம்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்னும் ஆறு பேர் பேச வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், டி-மதிப்பு, நட்சத்திரக் குறி போட்ட அட்டவணைகள் வரிசையாக வருகின்றன. எல்லாம் ஆங்கிலத்தில். அறையில் இருப்பவர்களில் ஓரிருவரைத் தவிர மற்ற எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். ஆய்வில் பங்கேற்ற அத்தனை பேரும் தமிழில் பதில் சொன்னவர்கள். ஆனால் அவர்களிடம் கேட்கப்பட்ட ஒரு தமிழ் வாக்கியம்கூட அந்த அறையில் ஒலிக்காமலே அமர்வு முடிந்துவிடுகிறது.

சேலையூரில் குடியிருந்துகொண்டு தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு இந்த அரங்குகள் பழகிப்போனவை. பல்லாவரத்திலிருந்து காட்டாங்கொளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எத்தனையோ கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள். உளவியல் துறை உள்ள இடங்களில் மாநாடு என்பது ஆண்டு வேலைத்திட்டத்தில் ஒன்று. பார்வையாளராகப் போயிருக்கிறேன், சிலமுறை நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். வரும் பிள்ளைகள் உழைப்பாளிகள். வெயிலில் அலைந்து, ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்டுத் தாளை நிரப்பி வாங்கியவர்கள். என் கோபம் அவர்கள்மேல் இல்லை. அவர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தரப்பட்டிருக்கும் ஒரு நம்பிக்கையின்மேல்.

அந்த நம்பிக்கை இதுதான்: உளவியல் ஓர் உலக அறிவியல், அதன் மொழி ஆங்கிலம், ஆய்வைத் தமிழில் சமர்ப்பித்தால் தரம் குறையும், தமிழில் அதற்குச் சொல் கிடையாது, சொன்னாலும் உலகம் கேட்காது. துறைத்தலைவர்கள் முதல் முதலாண்டு மாணவர்கள் வரை இதில் இருவேறு கருத்து இல்லை. கேள்வி நேரத்தில் யாராவது தமிழில் கேட்டுவிட்டால், ஆங்கிலத்தில் கேளுங்கள் என்று அன்பாகவே சொல்கிறார்கள்.

இதை நான் மறுக்கிறேன். ஆங்கிலத்தில் பேசவே கூடாது என்பது என் வாதம் அல்ல. தமிழில் கேட்டு வாங்கியதைத் தமிழில் காட்டாமல், ஆங்கிலத்தில் மட்டும் சமர்ப்பிக்கும்போது ஆய்வின் மிகப் பலவீனமான இடம் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடுகிறது. தரத்தைக் காப்பதாகச் சொல்லப்படும் வழக்கம், அந்த அறையில் தரத்தைச் சோதிக்க இருக்கும் ஒரே வழியை அடைத்துவிடுகிறது.

அந்த எட்டு வினாடி ஸ்லைடைத் திரையிலேயே நிறுத்திவைத்துப் பார்ப்போம். மாணவர் ஆய்வுகளில் அதிகம் புழங்கும் அளவுகோல்களில் ஒன்று டாஸ்-21. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் லவிபாண்ட் என்ற ஒரே குடும்பப்பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் உருவாக்கியது. கையேடு 1995-இல் வந்தது. கட்டணம் இல்லை, சிறியது, சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் மாணவர்களுக்கு வசதி. மனச்சோர்வுக்கு ஏழு, பதற்றத்துக்கு ஏழு, மன அழுத்தத்துக்கு ஏழு என்று 21 கூற்றுகள். கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்தியது என்று பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் குறிக்க வேண்டும்.

அதன் முதல் கூற்று, பரபரப்புக்குப் பிறகு மனம் மெல்ல அடங்கி நிலைக்கு வராமல் இருப்பதைப் பற்றியது. ஆங்கிலத்தில் அது ஒரு மரபுத்தொடர். முறுக்கிய சாவி தானாகத் தளர்வது போன்ற படம் அதற்குள் இருக்கிறது. பன்னிரண்டாம் கூற்று உடலையும் மனத்தையும் தளர்த்திக்கொள்ள முடியாமல் தவிப்பதைப் பற்றியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அனுபவங்கள்தான், ஆனாலும் வேறு வேறு. மாணவர்கள் கையில் சுற்றும் தமிழ்த் தாள்கள் சிலவற்றில் நான் பார்த்தவரை, இரண்டுமே 'ஓய்வாக இருக்கக் கடினமாக இருந்தது' என்ற ஒரே வாக்கியத்தின் அண்ணன் தம்பிகளாக வந்து நிற்கின்றன.

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டால் தாம்பரத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றும்? தாம்பரத்து மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகத்தில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களிடம் இப்படி ஒரு தாளைக் கொடுத்த மாணவி ஒருவர், உரை முடிந்து வராந்தாவில் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். அந்தக் கேள்வியைப் படித்ததும் ஒரு அக்கா சிரித்துவிட்டாராம். "ஓய்வா? எங்க பாப்பா ஓய்வு? போனதும் தண்ணி பிடிக்கணும், சோறாக்கணும், சின்னவனை உக்காரவெச்சுப் படிக்கவைக்கணும். நீ மூணுலயே டிக் போட்டுக்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பதில் சொன்னது தன் நேரத்தைப் பற்றி. தாள் எண்ணிக்கொண்டது அவருடைய மனத்தைப் பற்றி. இதை ஏன் மேடையில் சொல்லவில்லை என்று அந்த மாணவியிடம் கேட்டேன். "அது ஃபைண்டிங்ஸ்ல வராதே மேடம்" என்றார். அன்று முழுக்க நான் கேட்ட உரைகளிலேயே முக்கியமான கண்டுபிடிப்பு அதுதான். அது வராந்தாவில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் சொல்லப்பட்டது. குறிப்பேட்டில் ஏறவில்லை.

இதே தாளை அதே வளாகத்து ஆண்களிடமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் கைலி கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார முடிகிறவர் பூஜ்யத்தையோ ஒன்றையோ குறிப்பார். கணக்குப் போட்டால் பெண் தொழிலாளர்களுக்கு மன அழுத்தம் அதிகம், வேறுபாடு புள்ளியியல்படி முக்கியமானது என்று வரும். மேடையில் அதை யோகா வகுப்புக்கும் மூச்சுப்பயிற்சிக்கும் பரிந்துரையாகச் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்குத் தேவை அடுத்த தெருவில் ஒழுங்காக வரும் குழாய்த் தண்ணீரும், அடுப்படி வேலையில் பாதியை ஏற்றுக்கொள்ளும் கணவனும். ஒரு சொல்லின் பிழை இப்படித்தான் ஒரு பரிந்துரையின் பிழையாக வளர்கிறது.

சரி, அப்படிப் பிழை இருந்தால் புள்ளியியல் காட்டிக்கொடுத்துவிடுமே என்பார்கள். ஆல்ஃபா 0.8-க்கு மேல் வந்திருக்கிறதே, நம்பகத்தன்மை நிரூபணமாகிவிட்டதே என்பார்கள். ஆல்ஃபா எதைச் சொல்கிறது? ஒரு பிரிவில் உள்ள கூற்றுகளுக்கு மக்கள் தரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, கூற்றுகளின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்கிறது. வேறு வேறு பொருள் கொண்ட மூன்று ஆங்கிலக் கூற்றுகளை மொழிபெயர்ப்பாளர் 'எரிச்சல்' என்ற ஒரே தமிழ்ச் சொல்லில் கொண்டுவந்து தள்ளிவிட்டால், ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டதாக ஆகும். பதில்கள் அச்சு அசலாக ஒத்துப்போகும். ஆல்ஃபா ஏறும். மொழிபெயர்ப்பு எவ்வளவு மொண்ணையாக இருக்கிறதோ அவ்வளவு அழகான எண் திரையில் தெரியும். ஆங்கில ஸ்லைடில் இந்த எண் மட்டும்தான் இருக்கிறது. குறையே தகுதிச் சான்றாக மாறி நிற்பதை யாரால் கண்டுபிடிக்க முடியும்? அந்த மூன்று தமிழ் வாக்கியங்களையும் அடுத்தடுத்து காதால் கேட்டவரால்தான் முடியும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. 'மன அழுத்தம்' என்ற தொடர். வேலைப்பளுவால், தேர்வு நெருக்கடியால் வரும் நெருக்குதலுக்கும் தமிழ்ப் பத்திரிகைகள் இதைத்தான் போடுகின்றன. மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல், சாப்பாடு பிடிக்காமல், வாழ்வே வேண்டாம் என்று நினைக்க வைக்கும் மனச்சோர்வு நோய்க்கும் பல இடங்களில் இதைத்தான் போடுகின்றன. டாஸ்-21 எடுத்துக்கொண்ட வேலையே இந்த இரண்டையும் பதற்றத்திலிருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றையும் பிரித்துக் காட்டுவது. ஆங்கிலத்திலேயே அந்தப் பிரிவு மெல்லிய கோடுதான். தமிழ்த் தாளில் இரண்டு பக்கமும் ஒரே தொடர் புகுந்துவிட்டால் கோடு அழிந்துபோகும். அப்புறம் மேடையில், மனச்சோர்வுக்கும் மன அழுத்தத்துக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக நட்சத்திரக் குறியோடு ஒரு கண்டுபிடிப்பு. ஒரு சொல்லுக்கும் அதே சொல்லுக்கும் உள்ள தொடர்பு வலுவாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

மறுமொழிபெயர்ப்பு எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை அது. ஒருவர் தமிழாக்குவார், இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவார்கள். நல்ல முறைதான். ஆனால் நம் கல்லூரிகளில் திரும்ப ஆங்கிலமாக்குபவரும் உளவியல் படித்தவர். அந்த அளவுகோலை அவர் ஏற்கெனவே பலமுறை பார்த்திருக்கிறார். 'ஓய்வாக இருக்கக் கடினமாக இருந்தது' என்ற வரியைக் கண்டதும் மூல ஆங்கிலத் தொடர் அவர் நினைவில் தானாக வந்து நிற்கிறது. உடைந்த பாத்திரத்தை அவர் அறியாமலே ஒட்டிவைத்துவிடுகிறார். மெப்ஸ் வாசலில் நிற்கும் அக்காவுக்கு அந்த ஆங்கிலம் தெரியாது. அவர் கையில் உடைந்த பாத்திரம்தான் இருக்கிறது. இரண்டு ஆங்கிலங்களை ஒப்பிட்டுத் தமிழைச் சோதிக்கிறோம் என்பதே விந்தை. தமிழைத் தமிழர்களிடம் படித்துக் காட்டிச் சோதிப்பதைவிட நேரான வழி எது?

சிலர் இன்னும் ஆழமாகப் போவார்கள். மனம் எல்லோருக்கும் ஒன்றுதானே, மொழி வெறும் போர்வைதானே என்பார்கள். இதற்குச் சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 2015-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் வந்தது. கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் காதில் குரல் கேட்கும் மனநோயாளிகள் இருபது இருபது பேரிடம் நிதானமாகப் பேசினார்கள். அமெரிக்கர்கள் தங்கள் குரல்களை வன்முறையாக, மனத்தைத் தாக்கும் ஊடுருவலாக, நோயின் பெயரைச் சொல்லியே விவரித்தார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது உறவுக்காரர்களின் குரல். குளி, சாப்பிடு, சமையலைப் பார் என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவதைப் போன்ற குரல்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு எப்படிக் கிடைத்தது? உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிற மாதிரியே கேட்டதால் கிடைத்தது. 'குரல்கள் கேட்கின்றனவா, ஆம் அல்லது இல்லை' என்று ஒரு தாளைக் கொடுத்திருந்தால் மூன்று ஊரிலும் அறுபது பேரும் ஒரே கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். மனம் எல்லோருக்கும் ஒன்று என்ற முடிவும் அழகாக வந்திருக்கும். இன்னோர் எடுத்துக்காட்டும் சென்னையிலேயே இருக்கிறது. சென்னை மக்களிடம் மனச்சோர்வு எவ்வளவு என்று 25,455 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அதைச் செய்தவர்கள் உலகப் புகழ்பெற்ற ஒன்பது கேள்விப் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை. நம் மக்களுக்காக மாற்றி 12 கேள்விகளாக்கி, அதைச் சரிபார்த்துத் தனிக் கட்டுரையாகவும் எழுதிவிட்டுத்தான் 15.1 சதவீதம் என்ற எண்ணைச் சொன்னார்கள். கேள்வியின் வடிவத்தை மாற்றலாம், மாற்றியதை வெளியே சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

அடுத்தது, சொல் இல்லை என்ற வாதம். இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தம் வருகிறது, ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860-களில் மேற்கத்திய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பேறுகால மருத்துவம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே படித்த மருத்துவர்களை உருவாக்கினார். அதே யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்தைப் பற்றி 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். வடு என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். ஆறிய பிறகும் மாறாமல் தோலில் நிற்பது அது. கிரேக்கத்திலிருந்து இரவல் வாங்கிய 'ட்ராமா' (trauma) என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்கும் ஒரு தாய்க்குப் புரியாத ஏதோ ஒன்று, வடு என்றால் புரிந்துவிடுகிறது. இலங்கைத் தமிழர்கள் 'உளவளத்துணை' என்று இயல்பாகச் சொல்வதை நாம் இங்கே 'கவுன்சிலிங்' என்கிறோம். அதிலும் எனக்குச் சண்டை இல்லை. எந்தச் சொல் மக்கள் வாயில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் பெ. தூரன், 'அடிமனம்', 'மனமும் அதன் விளக்கமும்' என்று உளவியலைப் பற்றியே தமிழில் நூல்கள் எழுதினார். ஒரு காலத்தில் கலைச்சொல்லாக உருவான 'தாழ்வு மனப்பான்மை'யை இன்று ஆட்டோ ஓட்டுநர் சண்டையில் பயன்படுத்துகிறார். சொற்கள் மேடையில் புழங்கினால்தான் தெருவுக்கு வரும். மேடையிலிருந்தே விலக்கிவைத்துவிட்டு, சொல் வளரவில்லையே என்று குறை சொல்வது நியாயமா?

இன்னொரு பக்கம் இருப்பவர்களையும் இங்கே மறுத்துவிடுகிறேன். தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, உளவியல் எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று முழங்குபவர்கள் எனக்குத் துணை அல்ல. அந்தப் பட்டியலை நானும் மதிக்கிறேன். ஆனால் பழைய பெருமையைச் சொல்லி முடித்துவிட்டு, இன்றைய மெப்ஸ் தொழிலாளியிடம் ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்கும் உழைப்பிலிருந்து நழுவிக்கொள்ள முடியாது.

உலகம் கேட்காது என்பது கடைசிக் கோட்டை. இதற்கு நேர்மாறானதுதான் நடந்திருக்கிறது. ஜப்பானிய உளநல மருத்துவர் தகேயோ தோய், குழந்தை தாயிடம் உரிமையோடு கொஞ்சிக் குழைந்து சார்ந்திருப்பதைக் குறிக்கும் 'அமாயெ' என்ற ஜப்பானியச் சொல்லையே மையமாக வைத்து 1971-இல் ஒரு நூல் எழுதினார். ஜப்பானிய மொழியில் எழுதினார். இரண்டே ஆண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனது. பிலிப்பைன்ஸில் விர்ஹிலியோ என்ரிக்கெஸ், அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர், 1975-இல் பிலிப்பினோ உளவியலுக்கென்று முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார். பிலிப்பினோ மொழியில் கட்டுரை வாசிக்கலாம், ஆய்வேடு எழுதலாம் என்ற வழக்கம் அந்த இயக்கத்திலிருந்து வளர்ந்தது. ஒரு மாநாடு அங்கே ஒரு துறையின் திசையையே திருப்பியது.

ஜிம்பாப்வேயின் கதையை இன்னும் விரிவாகச் சொல்ல ஆசை. அங்கே ஷோனா மொழி பேசும் மக்கள் தங்கள் மனத்துயரத்தை 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். "எந்நேரமும் எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்கா" என்று நம் அம்மாக்கள் சொல்வதற்கு எவ்வளவு பக்கம்! விக்ரம் பட்டேலும் அங்கிருந்த ஆய்வாளர்களும் மேலைநாட்டுப் பட்டியலைப் பெயர்க்காமல், மக்கள் சொன்ன சொற்களிலிருந்தே 1990-களில் ஷோனா கேள்விப் பட்டியலை உருவாக்கினார்கள். பிற்பாடு மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் உட்காரவைத்து, துயரத்தோடு வருபவர்களிடம் அவர்கள் மொழியில் பேசவைத்தார். 573 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே வெளியானது. ஷோனாச் சொல்லில் தொடங்கிய வேலையை உலகம் காது கொடுத்துக் கேட்டது. நம்மிடம் 'மனத்தாங்கல்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்நியர்மேல் யாருக்கும் மனத்தாங்கல் வராது, நெருங்கியவர்மேல்தான் வரும். கோபம், வருத்தம், எதிர்பார்ப்பு, அன்பு நான்கும் கலந்த நிலை அது. என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. தாம்பரத்தில் ஒரு மாணவர் அதை அளக்க ஒரு கருவி செய்தால், எந்த இதழுக்கும் அது புதிய செய்தி. லவிபாண்டுகளின் பட்டியலை ஆயிரத்தோராவது முறை கொடுத்து வாங்குவது யாருக்கும் புதிய செய்தி அல்ல.

இவ்வளவு தெரிந்தும் வழக்கம் ஏன் மாறவில்லை? காரணம் அறிவுலகில் இல்லை, புள்ளிக்கணக்கில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள், முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்கும் முன் இரண்டு மாநாடுகளில் கட்டுரை வாசித்த சான்றிதழைக் கேட்டன. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் போனது, பழக்கம் போகவில்லை. ஆசிரியர்களுக்கு 2018 விதிகளின்படி வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டு உரைக்கு 7 புள்ளி, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டுக்கு 5, தேசிய மாநாட்டுக்கு 3, மாநில அளவிலானதற்கு 2. தமிழில் நடத்தினால் அதை யாரும் பன்னாட்டு மாநாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் பேனரில் பன்னாட்டு என்று போட வேண்டும். போட்டால் ஆங்கிலத்தில் நடத்த வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒரு பேராசிரியர் திரையில் வந்து தொடக்க உரை ஆற்ற வேண்டும். பல சமயம் அவரும் தமிழராகவே இருப்பார்.

பன்னாட்டு மாநாடு என்றால் இந்த ஊரில் ஒரு காலத்தில் எப்படி நடந்தது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் புது வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கல்லூரி நகரத்திலிருந்து இந்தக் காட்டுக்கு வந்து சில காலமே ஆகியிருந்த நேரம். பல நாடுகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே பெரிய நூல் எழுதியிருந்தார். மற்றச் சமயங்களுக்கும் கிறித்துவச் செய்திக்கும் இடையே பாலமே இல்லை என்பது அதன் சாரம். சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அதை ஏற்காமல் அதே ஆண்டில் மறுப்பாக ஒரு நூலையே கொண்டுவந்தார்கள். பேசியதும் எழுதியதும் ஆங்கிலத்தில்தான். அது எனக்கு எதிரான சாட்சி அல்லவா என்று கேட்கலாம். இல்லை. கிரேமர் எதைப் பற்றிப் பேசினாரோ அந்தச் சரக்கு கேட்டவர்கள் கண்முன்னால் இருந்தது. அவர்கள் பிறந்து வளர்ந்த சமயச் சூழல் அது. அதனால் தவறு என்று எழுந்து சொல்ல முடிந்தது. இன்றைய உளவியல் அமர்வில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்தத் தகுதி இருக்கிறது. பள்ளி ஆலோசகர்கள், செவிலியர்கள், மாணவர்கள் எல்லோரும் தமிழர் மனத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் சரக்கைக் கண்ணில் காட்டாமல் விலையை மட்டும் அறிவிக்கிறோம். அவர்களால் எதை மறுக்க முடியும்? எழுத்துரு சிறியதாக இருக்கிறது என்றும், மாதிரியின் அளவு போதாது என்றும் மட்டும்தான் சொல்ல முடிகிறது, அதைத்தான் சொல்கிறார்கள்.

உளவியல் துறையே இந்தப் பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. 2015-இல் சயின்ஸ் இதழில் வந்த கூட்டாய்வு, புகழ்பெற்ற இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி முக்கியமான முடிவைச் சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. அதற்குப் பிறகு உலக உளவியலாளர்கள் கேட்பது ஒன்றுதான்: தரவையும் கருவியையும் கேள்விகளையும் அப்படியே திறந்து வையுங்கள். நம் கருவி எது? தமிழ்த் தாள். அதைத் திறந்து வைக்காமல் ஆங்கில மூலத்தின் பெயரை மட்டும் சொல்வது, அந்த உலகத் தரத்தின்படி பார்த்தாலும் மறைத்துவைப்பதுதான்.

ஒரே ஒரு எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் ரயிலேறி வரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இந்த மேடைதான் ஆங்கிலம் பேசிப் பழகும் இடம். அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள் என்று ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலம் தேவை, அதை மறுக்க நான் யார்? அதனால்தான் உரையை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதே மாணவர்கள் கேள்வி நேரத்தில் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? மனப்பாடம் செய்த பத்து நிமிடம் தடையில்லாமல் ஓடும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் முகம் வெளுத்து, "வில் செக் அண்ட் கெட் பேக் மேம்" என்று முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பதில் தெரியும். மாதக்கணக்கில் மக்களோடு அலைந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்ததைச் சொல்ல நாம் விடவில்லை. டீ நேரத்தில் அந்த மாணவி தமிழில் பேசியபோது எத்தனை தெளிவு, எத்தனை துணிவு! ஓர் ஆய்வாளரை நான் அங்கேதான் பார்த்தேன்.

மாநாட்டை நடத்துபவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயங்கள். உரை எந்த மொழியிலும் இருக்கட்டும். ஆய்வில் கேட்ட கேள்விகள் தமிழில் எப்படிக் கேட்கப்பட்டனவோ அப்படியே ஒரு தாளில் அச்சிட்டு, அமர்வு தொடங்கும் முன் எல்லோர் கையிலும் கொடுங்கள். ஆய்வுச் சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தத் தாளும் வந்தாக வேண்டும் என்று விதி வையுங்கள். பதில் சொன்னவர்கள் எந்தக் கேள்வியில் தயங்கினார்கள், எதற்குத் திருப்பிக் கேட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்கச் சொல்லுங்கள். கேள்வி நேரத்தைத் தமிழுக்கும் திறந்துவிடுங்கள். வெளிமாநிலத்தவர் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு வரியில் சொல்லிவிடுவார். நாம் அவ்வளவு நாகரிகம் தெரியாதவர்கள் அல்ல. தாம்பரம் சானடோரியம் பகுதி மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர்கள், குரோம்பேட்டைப் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பத்துப் பேரைப் பதிவுக் கட்டணம் இல்லாமல் வந்து உட்காரச் சொல்லுங்கள். மக்கள் மனத்துயரத்தை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்பது நம் எல்லோரையும்விட அவர்களுக்குத் தெரியும்.

நேரம் போதாது என்பார்கள். போன மாதம் வீட்டில் உட்கார்ந்து, அந்த 21 கூற்றுகளின் தமிழ்த் தாளை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் நான்கு இடத்தில் நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா ஐந்தாவதாக ஓர் இடத்தைக் காட்டினார்.